உபரி என்ற கட்டத்தில் ஓர் ஆறு

பல ஆண்டுகள் நீர்த்தேக்கங்களின் இயக்கக் கணக்கைப் போடுவதே என் பிழைப்பாக இருந்தது. நீர்வரத்து, ஆவியாகிப் போகும் அளவு, குடிநீர், ஆலைகள், பாசனம், மின்னுற்பத்தி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் போட்டு, மாதவாரியாக எண்களை நிரப்பிக்கொண்டே போனால், அட்டவணையின் வலது ஓரத்தில் கடைசியாக ஒரு கட்டம் வரும். அதற்கு ‘உபரி’ என்று பெயர். எல்லோருக்கும் கொடுத்தது போக அணைக்குக் கீழே வழிந்தோடுகிற நீரை அதில் எழுதுவோம். எந்த மாதத்தில் அங்கே பூஜ்ஜியம் விழுகிறதோ, அந்த மாதத்தில் நிர்வாகம் திறம்பட நடந்ததாக நாங்களே மெச்சிக்கொண்டோம். அணைக்குக் கீழேயும் ஓர் ஆறு இருக்கிறது, அதற்கும் நீர் தேவைப்படும் என்ற செய்தி அந்த அட்டவணையில் எங்குமே இல்லை. யாரும் திட்டமிட்டு அதை விட்டுவிடவில்லை. வந்து கேட்பதற்கு ஆள் இல்லாததால் கட்டமும் போடப்படவில்லை, அவ்வளவுதான்.

இந்த மனநிலைக்கு நம் மொழியிலேயே ஒரு தயார்த் தொடர் இருக்கிறது. ‘வீணாகக் கடலில் கலக்கும் நீர்’ என்று வெள்ளக் காலந்தோறும் எழுதுகிறோம், பேசுகிறோம். நானும் அறிக்கைகளில் எழுதியிருக்கிறேன். அந்த ‘வீணாக’ என்ற சொல்லுக்கு நைல் ஆறு தந்த பதிலைப் பிற்பாடுதான் படித்தேன். அஸ்வான் உயர் அணை 1964-இல் நீரைத் தேக்கத் தொடங்கி, 1970-இல் கட்டி முடிக்கப்பட்டது. அதுவரை ஆண்டுதோறும் வெள்ளத்தோடு இறங்கிவந்த வண்டல் அணைக்குப் பின்னால் தங்கிவிட்டது. வண்டலோடு வந்த சத்துகளை நம்பிப் பெருகிய நுண்ணுயிர்களும், அவற்றை உண்டு வளர்ந்த மத்தி மீன்களும் குறைந்துபோய், கழிமுகத்துக்கு வெளியே மத்தியதரைக் கடலில் நடந்த மத்தி மீன்பிடிப்பு சில ஆண்டுகளிலேயே சரிந்தது. புது மண் வந்து சேராத கழிமுகக் கரையைக் கடல் அரிக்க ஆரம்பித்தது. அதே அணைதான் 1980-களின் வறட்சியில் எகிப்தைக் காப்பாற்றியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அணையே கட்டியிருக்கக் கூடாது என்று வாதிடுவது என் நோக்கமில்லை. கடலுக்குப் போன நீர் ஒரு வேலையைச் செய்துகொண்டிருந்தது, அந்த வேலைக்கு யாரும் கணக்கு எழுதியிருக்கவில்லை என்பதே நான் குறிப்பிட விரும்புவது.

சரி, ஆற்றுக்கும் ஒரு பங்கு கொடுத்துவிடுவோம் என்று முடிவெடுத்தால், அடுத்த கேள்வி எவ்வளவு என்பது. பொறியாளர்களுக்கு ஒற்றை எண் பிடிக்கும், எனக்கும் பிடிக்கும். 1976-இல் அமெரிக்க மீன்வள உயிரியலாளர் டெனன்ட், பல ஓடைகளை நேரில் அளந்து பார்த்து ஒரு எளிய வழியை வெளியிட்டார். ஆண்டுச் சராசரி ஓட்டத்தில் 10 விழுக்காடு இருந்தால் பெரும்பாலான நீர்வாழ் உயிர்கள் கொஞ்ச காலத்துக்குத் தாக்குப்பிடிக்கும், 30 விழுக்காடு இருந்தால் ஓரளவு நன்றாக வாழும், 60 விழுக்காடு மிகச் சிறந்தது என்பது அதன் சாரம். அந்த மூன்று எண்களில் உலகெங்கும் திட்ட அறிக்கைகளுக்குள் நுழைந்து உட்கார்ந்துகொண்டது பெரும்பாலும் 10 மட்டுமே. தீவிர சிகிச்சைப் பிரிவில் குழாய் வழியாகக் கொடுக்கும் உணவைப் பார்த்துவிட்டு, மனிதனுக்கு ஆயுள் முழுவதும் இவ்வளவு போதும் என்று முடிவுகட்டுவதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

அந்த எண்ணை 30 ஆக உயர்த்தினாலும் பாதி விஷயம் வெளியேதான் நிற்கும் என்பதை எனக்குப் புரியவைத்தது ஒரு நீர்மின் அணைக்குக் கீழே கழிந்த ஒரு மாலைப் பொழுது. மின்தேவை உச்சத்தில் இருந்த நேரம். விசையாழிகள் முழு வேகத்தில் ஓடியதால் ஆறு கரையைத் தொட்டுக்கொண்டு போனது. இருட்டுகிற வேளையில், கொசு அளவேயான நீர்ப்பூச்சிகள் கூட்டமாக வந்து, பாதி நனைந்தும் பாதி காய்ந்தும் நின்ற பாறைகளின் நீர்விளிம்பில் இறங்கின. மறுநாள் காலையில் அதே இடத்துக்குப் போனபோது, மின்தேவை குறைந்து ஆறு முழங்கால் உயரம் இறங்கியிருந்தது. முந்தின நாள் நீர்க்கோடாக இருந்த இடம் பாறையில் ஒரு கருத்த பட்டையாகத் தெரிந்தது. அதற்குச் சற்றுக் கீழே, அரிசிக் குருணையைப் பசையில் ஒட்டியது போல முட்டைகள். விரலால் தொட்டதும் பொடியாக உதிர்ந்தன. அன்றைய இயக்கப் பதிவேட்டில் அந்த ஆற்றுக்குக் கொடுக்கப்பட்ட நீரின் அளவு எந்த விதிக்கும் குறைவானதாக இருந்திருக்காது. அளவில் பிழை இல்லை. மாலையில் ஏறியதும் காலையில் இறங்கியதும்தான் முட்டைகளைக் காயவைத்தன.

அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில் கிளென் கேன்யன் அணைக்குக் கீழே இதையே ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் பின்தொடர்ந்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பின்னர் தெரிந்தது. கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் பூச்சிகள் அருகிப்போனதற்கும், அவற்றை உண்ணும் மீன்களுக்கு இரை போதாமல் போனதற்கும், தினமும் ஏறி இறங்கும் நீர்மட்டம் ஒரு முக்கியக் காரணம் என்று அவர்கள் கண்டார்கள். அதற்குக் கண்டுபிடிக்கப்பட்ட தீர்வின் எளிமைதான் என்னைக் கவர்ந்தது. வார இறுதியில் மின்தேவை எப்படியும் குறைவு. ஆகவே மே முதல் ஆகஸ்ட் வரை சனி, ஞாயிறு இரண்டு நாள்களும் நீரைத் தாழ்வான ஒரே மட்டத்தில் நிலையாக விடுவது. அந்த இரண்டு நாள்களில் இடப்படும் முட்டைகள் தாழ்ந்த நீர்க்கோட்டில் ஒட்டிக்கொள்வதால், திங்கட்கிழமை நீர் ஏறினாலும் அவை நனைந்தே இருக்கும். 2018-இல் இதைச் சோதனையாகத் தொடங்கினார்கள். மாதத்துக்குத் திறக்க வேண்டிய மொத்த நீரில் எந்த மாற்றமும் இல்லை; எந்த மாநிலத்தின் பங்கிலிருந்தும் ஒரு கன அடிகூட எடுக்கப்படவில்லை. பூச்சி எப்போது முட்டையிடும் என்று அறிந்தவரும், மின்சாரம் எப்போது விலைபோகும் என்று அறிந்தவரும் ஒரே மேசையில் அமர்ந்ததால் கிடைத்த விடை அது.

அந்த மேசை ஒரே நாளில் அமைந்துவிடவில்லை. அதே அணையிலிருந்து 1996-இல் ஏழு நாள்களுக்கு வினாடிக்கு 45,000 கன அடி வீதம் திறந்துவிட்டு, செயற்கையாக ஒரு வெள்ளத்தை உண்டாக்கிப் பார்த்தார்கள். ஆற்றோரங்களில் புதிய மணல் திட்டுகள் எழுந்தன. எழுந்த வேகத்திலேயே பெரும்பாலும் கரைந்தும் போயின. அணை வண்டலைத் தடுத்துவைத்திருப்பதால், கீழே கிளையாறுகள் மணலைக் கொண்டுவந்து சேர்த்த பிறகு வெள்ளம் விட்டால்தான் திட்டு நிற்கும் என்பது அந்தத் தோல்வியிலிருந்து கற்ற பாடம். அதன்படி மழைக்குப் பின், கிளையாற்று மணல் வந்து சேர்வதைப் பார்த்து நீர் திறக்கும் நடைமுறை 2012-இல் வகுக்கப்பட்டது. பதினாறு ஆண்டுகள் ஆயின. ஆற்றோடு பேரம் பேசுகிற வேலையில் இது நியாயமான கால அளவு என்றே நினைக்கிறேன். ஆனால் ஐந்தாண்டுக்கு மேல் நீளும் எந்தக் கண்காணிப்புக்கும் நிதி ஒதுக்க எந்த நிர்வாகமும் எளிதில் சம்மதிப்பதில்லை.

கொலராடோவின் பெரிய சிக்கல் பூச்சி முட்டையில் இல்லை, 1922-இல் எழுதிய ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஏழு மாநிலங்கள் கூடி, ஆண்டுக்கு மேல்படுகைக்கு 75 லட்சம் ஏக்கர் அடி (ஓர் ஏக்கர் அடி என்பது ஓர் ஏக்கர் பரப்பில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் நீர்), கீழ்ப்படுகைக்கு 75 லட்சம் ஏக்கர் அடி என்று பிரித்துக்கொண்டன. 1944-இல் மெக்சிகோவுக்கு 15 லட்சம் ஏக்கர் அடி என்று இன்னோர் உடன்படிக்கை வந்தது. அந்தப் பிரிவினைக்கு அடிப்படையாக இருந்தவை வழக்கத்துக்கு மாறாக மழை அதிகம் பெய்த ஆண்டுகளின் அளவீடுகள். ஆற்றில் இல்லாத நீரைக் காகிதத்தில் பங்கிட்டுக் கொடுத்தார்கள். பூர்வகுடிகள் அந்தப் பேச்சில் இடம்பெறவில்லை. ஆறு இடம்பெறும் என்று அக்காலத்தில் எவரும் எதிர்பார்த்திருக்கவும் மாட்டார்கள். விளைவாக, 1960-களிலிருந்து பெரும்பாலான ஆண்டுகளில் அந்த ஆறு கடலைத் தொடவே இல்லை. கழிமுகத்தின் பெரும்பகுதி உப்பும் மணலுமாக மாறியது.

அமெரிக்காவும் மெக்சிகோவும் 2012-இல் செய்துகொண்ட ஓர் உடன்பாட்டின்படி, 2014 மார்ச் 23 முதல் எட்டு வாரங்களுக்கு, எல்லையிலுள்ள மொரேலோஸ் அணையிலிருந்து சுமார் 1,05,000 ஏக்கர் அடி நீர் கழிமுகத்தை நோக்கித் திறக்கப்பட்டது. அணைகள் வருவதற்கு முன் ஆண்டு முழுவதும் ஓடிய நீரோடு ஒப்பிட்டால் இது ஒரு விழுக்காடுகூட இல்லை. நாள் குறித்த விதம் கவனிக்கத்தக்கது: ஆற்றோர மரங்களின் விதைகள் காற்றில் பறந்து விழும் பருவத்தில் மணல் ஈரமாக இருக்க வேண்டும் என்று பார்த்துத் திறந்தார்கள். வறண்ட மணலில் தவழ்ந்து வந்த நீரின் முன்விளிம்பைப் பார்க்க மெக்சிகோவின் எல்லை நகரத்தில் மக்கள் ஆற்றுக்குள் இறங்கி நின்றார்கள். தங்கள் ஊர் ஆற்றில் நீரை அதற்கு முன் கண்டிராத குழந்தைகள் அதில் விளையாடினார்கள். மே மாதத்தில் அந்த நீர் கடலைத் தொட்டது.

படங்களைப் பார்த்து நெகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். கணக்கு அவ்வளவு நெகிழ்ச்சியாக இல்லை. நிலத்தடி நீர்மட்டம் ஆழத்துக்குப் போய்விட்ட முதல் பகுதியிலேயே நீரின் பெரும்பங்கை மணல் குடித்துவிட்டது. அதைப் பார்த்து, 2021-இல் சுமார் 35,000 ஏக்கர் அடி நீரை ஆற்றுமணலில் விடாமல், பாசனக் கால்வாய்கள் வழியாகவே வறண்ட பகுதியைத் தாண்டிக் கொண்டுபோய், மரங்கள் நடப்பட்ட மீட்பு இடங்களுக்கு அருகில் ஆற்றில் இறக்கினார்கள். அதுவும் எட்டு வாரங்களில் கொட்டிவிடாமல், மே முதல் அக்டோபர் வரை சிறிது சிறிதாக. எந்தக் கால்வாய்கள் ஆற்றை வற்றவைத்தனவோ, அவையே அதற்கு நீர் சுமந்து போயின. பாசனத்தையும் ஆற்றையும் எதிரெதிர் தரப்பாகவே நிறுத்திப் பழகிய என்னைப் போன்றவர்களுக்கு இது கொஞ்சம் சங்கடமான காட்சி.

அதே நேரத்தில், இப்படிப்பட்ட நீர் திறப்புகள் பேச்சுவார்த்தையாளர்களின் நல்லெண்ணத்தில் தொங்கிக்கொண்டிருப்பவை. அடுத்த உடன்பாட்டில் கையெழுத்து விழாவிட்டால் அடுத்த நீரும் இல்லை. ஆகவே சட்டத்தில் ஆறு எந்த வரிசையில் நிற்கிறது என்பதே எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. இதில் துணிச்சலாக எழுதப்பட்டது தென்னாப்பிரிக்காவின் 1998-ஆம் ஆண்டு தேசிய நீர்ச் சட்டம். மக்களின் அடிப்படைத் தேவைக்கும், ஆற்றின் உயிர்ச்சூழல் நிலைத்திருப்பதற்கும் தேவையான நீரை முதலில் எடுத்துவைத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு எஞ்சியதற்கே பாசனத்துக்கும் ஆலைக்கும் சுரங்கத்துக்கும் உரிமம் தர வேண்டும் என்கிறது அது. என் பழைய அட்டவணையை இடம் வலமாகத் திருப்பிப் போட்டது போன்ற ஏற்பாடு. நடைமுறையில் அது தள்ளாடியது. ஒவ்வொரு ஆற்றுக்கும் அந்த முதல் பங்கு எவ்வளவு என்று கணிக்க ஆள் பலமும் தரவும் வேண்டியிருந்தன. பழைய உரிமைகளை வைத்திருந்தவர்கள் எடுத்துக்கொண்டே இருந்தார்கள். ஆனாலும், வாதாடுவதற்கு ஒரு சட்ட வரி இருப்பதும் இல்லாததும் ஒன்றல்ல.

ஆஸ்திரேலியா வேறு வழியில் போனது. மர்ரே-டார்லிங் படுகையில் நீரெடுக்கும் உரிமைகள் ஏற்கெனவே அளவுக்கு மீறி வழங்கப்பட்டுவிட்டதால், 2012-ஆம் ஆண்டுத் திட்டத்தின்படி ஆண்டுக்கு 2,750 கிகா லிட்டர் நீரை, அதாவது 2.75 லட்சம் கோடி லிட்டரை, ஆற்றுக்குத் திருப்புவது என்று முடிவானது. அதில் கணிசமான பகுதியை உழவர்களிடமிருந்து அரசு விலை கொடுத்து வாங்கியது. அப்படி வாங்கிய உரிமைகளைக் கையில் வைத்திருக்கவும், எந்தச் சதுப்பு நிலத்துக்கு எப்போது விடுவது என்று முடிவெடுக்கவும் தனியாக ஓர் அதிகாரி இருக்கிறார். அணை இயக்குநரிடம் உழவர் நீர் கேட்பது போலவே அவரும் ஆற்றின் சார்பில் கேட்கிறார். வந்து கேட்பதற்கு ஆள் இல்லை என்று மேலே சொன்னேனே, அந்தக் குறைக்கு நான் கண்டவற்றில் மிக நேரடியான தீர்வு இதுதான்.

அப்படியும் 2018 டிசம்பரிலும் 2019 ஜனவரியிலும் டார்லிங் ஆற்றில் மெனிண்டி என்ற ஊருக்கு அருகே லட்சக்கணக்கான மீன்கள் மிதந்தன. கடும் வறட்சியோடு, மேலே பல ஆண்டுகளாக அதிகமாக எடுக்கப்பட்டதும் சேர்ந்து ஓட்டம் நின்றுபோக, தடுப்பணைகளுக்கு இடையே ஆறு குட்டைகளாகத் தேங்கியது. தேங்கிய நீரில் மேலடுக்கு வெயிலில் சூடேறிப் பாசி படர்ந்தது. அடியடுக்கில் உயிர்வளி தீர்ந்தது. மீன்கள் மேலடுக்கில் ஒதுங்கி நின்றன. திடீரென்று ஒரு நாள் குளிர்காற்று வந்து மேல்நீரைக் குளிர்விக்க, இரண்டு அடுக்குகளும் கலந்து, எங்குமே மூச்சுவிட இடமில்லாமல் போயிற்று. படுகை முழுவதற்கும் கூட்டிப் பார்த்த மொத்த அளவு, அந்தக் குட்டைக்குள் ஓட்டம் இருந்ததா என்பதைச் சொல்லாது.

ஆற்றுக்குச் சட்ட ஆளுமை வழங்குவது, அதாவது மனிதரைப் போல உரிமையுள்ள ஆளாகச் சட்டம் அதை ஏற்பது பற்றி நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். நியூசிலாந்தில் வாங்கனூயி ஆற்றுக்கு 2017-இல் அது சட்டப்படி கிடைத்தது. ஆற்றின் சார்பில் பேச இரண்டு காப்பாளர்கள் நியமிக்கப்படுகிறார்கள். அந்நாட்டுப் பூர்வகுடிகளான மவோரி மக்களின் நீண்ட போராட்டத்துக்கு அது பெரிய மதிப்பு. ஆனால் அச்சட்டம் ஏற்கெனவே இருந்த தனியார் உரிமைகளைக் குறைக்கவில்லை, நீரின் மீது புதிய உடைமையை உண்டாக்கவும் இல்லை. பேசும் உரிமை வேறு, மதகின் சாவி வேறு.

நீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தினாலே ஆற்றுக்கு வழி பிறந்துவிடும் என்று நானும் நெடுநாள் நம்பியிருந்தேன். உலகில் மனிதர் எடுக்கும் நன்னீரில் ஏறத்தாழ 70 விழுக்காடு வேளாண்மைக்குப் போகிறது என்பதால், சொட்டுநீர்ப் பாசனத்துக்கு மானியம் கொடுப்பது எல்லா அரசுகளுக்கும் எளிதாக இருக்கிறது. வயலில் தேவைக்கு மேல் பாய்ந்த நீரில் ஒரு பகுதி கசிந்தும் வடிந்தும் மீண்டும் ஆற்றுக்கும் நிலத்தடிக்குமே போய்க்கொண்டிருந்தது என்பதை நாங்கள் கணக்கில் சேர்க்கவில்லை. சொட்டுநீர் அந்த வடிகாலை நிறுத்துகிறது. மிச்சமானதாகக் கருதப்படும் நீரைக் கொண்டு உழவர் இன்னும் இரண்டு ஏக்கர் பயிரிடுகிறார், அவர் செய்வதில் தவறும் இல்லை. வயல் சிக்கனமாகிறது, ஆறு மெலிகிறது. மிச்சப்படுத்தியதில் ஒரு பகுதியை உரிமத்திலிருந்து கழித்து ஆற்றின் பெயருக்கு மாற்றாதவரை, அந்த மானியத்தை ஆற்றுப் பாதுகாப்பு என்ற தலைப்பில் எழுதக் கூடாது என்பது என் கருத்து.

இந்தியாவில் 2018 அக்டோபரில் மேல் கங்கைக்கு வந்த அறிவிக்கையில், ஹரித்வார் வரையிலான பகுதிக்குக் குளிர்காலத்தில் 20, அக்டோபர், ஏப்ரல், மே மாதங்களில் 25, ஜூன் முதல் செப்டம்பர் வரை 30 என்று, ஆற்றின் ஓட்டத்தில் அணைக்குக் கீழே விட வேண்டிய விழுக்காடு பருவத்துக்கேற்ப மாறுகிறது. அந்த எண்கள் போதுமா என்று விவாதிக்க நிறைய இடமிருக்கிறது. மாதத்தைப் பார்த்து மாறும் எண்ணாக அது எழுதப்பட்டதே ஒரு முன்னேற்றம். இத்தகைய விதிகள் எல்லாமே கடைசியில் அணைக்குக் கீழே ஆற்றில் நட்டிருக்கும் ஒரு நீர்மட்டக் கோலையும், அதைப் படித்து எழுதுபவரையும் நம்பியே நிற்கின்றன. ஒரு நாளைக்கு ஒருமுறை, காலை எட்டு மணிக்கு மட்டும் படித்தால், மாலை ஏறி காலை இறங்கும் ஆற்றின் கதை அந்தப் பதிவேட்டில் ஒருபோதும் வராது. மணிக்கொரு முறை தானாகப் பதியும் கருவியும், அந்தப் பதிவை அன்றைக்கே எவரும் பார்க்கக்கூடிய ஏற்பாடும், பல பக்கக் கொள்கை ஆவணங்களைவிடக் குறைந்த செலவில் அதிகம் சாதிக்கும் என்று அனுபவத்தில் சொல்வேன்.

அண்மையில், ஓய்வு நேரத்தில், என் பழைய அட்டவணை ஒன்றை மீண்டும் எடுத்துப் புதிதாகப் போட்டுப் பார்த்தேன். முதல் கட்டம் குடிநீர், இரண்டாவது கட்டம் ஆறு, பிறகு மற்றவை. ‘உபரி’ என்ற கட்டத்துக்கு ‘கழிமுகம்’ என்று பெயர் மாற்றினேன். வறட்சி ஆண்டுக்கு என்ன செய்வது என்பதில்தான் வெகுநேரம் போயிற்று. பயிர் கருகும்போது ஆற்றின் பங்கு மட்டும் குறையக் கூடாது என்று எழுத எனக்குக் கை வரவில்லை. வறட்சியில் ஆறு இயல்பாகவே மெலியும், உயிர்களும் அதற்குப் பழகியவையே. ஆகவே எல்லோருக்கும் குறையும் அதே விகிதத்தில் ஆற்றுக்கும் குறையட்டும், ஆனால் மடுக்களைத் தொடுத்து ஓட்டம் அறுபடாமல் இருக்கத் தேவையான அளவுக்குக் கீழே மட்டும் போகக் கூடாது என்று ஒரு தரை வரம்பு வைத்தேன். மாதவாரியாக இருந்த வரிசைகளை வாரவாரியாகப் பிரித்தேன். எண்களை நிரப்பிக்கொண்டே வந்தபோது, மழைக்காலத்தின் முதல் வாரத்தில் கை நின்றது. அந்த ஆற்றின் மீன்கள் முட்டையிட மேலேறுவதற்கு எத்தனை நாள் நீர் உயர்ந்திருக்க வேண்டும், எவ்வளவு மெதுவாக இறங்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது; முப்பது ஆண்டுகளில் அதைக் கேட்டதும் இல்லை. அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டு, ‘மீனவரையும் உயிரியலாளரையும் கேட்டு நிரப்புக’ என்று பென்சிலால் ஓரத்தில் எழுதிவைத்திருக்கிறேன்.